குதிரையின் உயரம் 15.2 கை என்றால் எத்தனை இஞ்ச்?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் என் சொல்லில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது வாசித்தாலும் விளங்க வேண்டும். உங்கள் ஊர்க் கோயிலின் வேட்டைத் திருவிழாவுக்குப் புதிதாக ஒரு குதிரை வாகனம் செய்யப் போகிறீர்கள். நிஜக் குதிரை நிற்கும் உயரத்திலேயே அது நிற்க வேண்டும் என்பது செலவை ஏற்றுக்கொண்ட உங்கள் சித்தப்பாவின் ஆசை. இங்கிலாந்தில் இருக்கும் அவர் அங்கே பார்த்த ஒரு குதிரையின் படத்தையும், கீழே "உயரம் 15.2 கை" என்று ஒரு குறிப்பையும் அனுப்பியிருக்கிறார். ஒரு கை என்பது 4 அங்குலம் என்று தேடிப் பிடித்து, 15.2ஐ 4ஆல் பெருக்கி, 60.8 அங்குலம் என்று துண்டில் எழுதி ஆசாரியாரிடம் கொடுத்திருக்கிறீர்கள். அவர் துண்டைப் பார்த்துவிட்டு, "கை என்றால் முழம்தானே தம்பி, இது என்ன கணக்கு? அங்குலம் என்றால் எந்த அங்குலம்?" என்று கேட்டாராம். யார் சொல்வது சரி என்கிறீர்கள்.

சரியான அளவு 62 இஞ்ச், அதாவது 5 அடி 2 இஞ்ச், சென்டிமீட்டரில் 157.48. உங்கள் 60.8 பிழை. ஆசாரியார் கேட்ட இரண்டு கேள்விகளில் முதலாவதை இலகுவாகத் தீர்க்கலாம். இரண்டாவது மிகவும் நல்ல கேள்வி, அதைக் கேட்காமல் அவர் மரத்தில் கை வைத்திருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன். திருகோணமலையில் ஒரு மரக்காலையில் நீண்ட காலம் கணக்கு எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன், அளவில் வரும் பிழைகளில் பெரும்பாலானவை பெருக்கலில் வருவதில்லை, எழுதும் விதத்திலும் பெயரிலும்தான் வருகின்றன. உங்கள் துண்டில் இரண்டு விதப் பிழைக்கும் இடம் இருந்தது.

முதலில் அந்தப் புள்ளியைப் பார்ப்போம். குதிரைக்காரர்கள் 15.2 என்று எழுதும்போது அந்தப் புள்ளி தசமப் புள்ளி அல்ல. புள்ளிக்கு முன்னால் இருப்பது முழுக் கைகள், பின்னால் இருப்பது மிச்ச இஞ்ச். 15 கையும் 2 இஞ்சும், அவ்வளவுதான். நீங்கள் கிரிக்கெட் பார்ப்பவர் என்றால் இது உடனே பிடிபடும். 15.2 ஓவர் என்றால் பதினைந்து ஓவரும் இரண்டு பந்தும், அதை யாரும் பதினைந்தே கால் ஓவருக்குக் கொஞ்சம் குறைவு என்று எடுப்பதில்லை. 15.5 ஓவருக்கு அடுத்த பந்து வீசினால் 15.6 என்று எழுதாமல் 16 என்கிறோம், ஏனென்றால் ஓவருக்கு ஆறு பந்து. இங்கே கைக்கு நான்கு இஞ்ச், அதனால் 15.3க்கு அடுத்த இஞ்சில் 16 கை வந்துவிடும். இவ்வளவு விளங்கினால் மீதி தானாக வரும்: முன் எண்ணை 4ஆல் பெருக்கு, பின் எண்ணை அப்படியே கூட்டு. 15ஐ 4ஆல் பெருக்க 60, அதோடு 2, ஆக 62.

இதிலிருந்தே ஒரு சோதனையும் கிடைக்கிறது. புள்ளிக்குப் பிறகு 0, 1, 2, 3 இந்த நான்கில் ஒன்றுதான் வரலாம், சில வேளை அரை இஞ்ச் சேர்த்து 15.2½ என்றும் எழுதுவார்கள், அது 62.5 இஞ்ச். 15.5 என்றோ 15.75 என்றோ எங்காவது கண்டால், யாரோ இஞ்சைக் கல்குலேட்டரில் 4ஆல் வகுத்து வந்ததை அப்படியே எழுதிவிட்டார்கள் என்று பொருள். அந்த 15.5 உண்மையில் 15.2தான், 15.75 என்பது 15.3. அந்த மாதிரி எண்ணைக் கண்டால் முன் எண்ணையும் பின் எண்ணையும் பிரிக்காமல் முழுவதையும் 4ஆல் பெருக்குங்கள், அப்போது சரியாக வரும். இரண்டு விதமாகவும் எழுதும் ஆட்கள் இருப்பதால்தான் இவ்வளவு குழப்பம்.

நீங்கள் செய்த பிழை எவ்வளவு பெரியது என்று கேட்டால், புள்ளிக்குப் பின்னால் உள்ள ஒவ்வொரு இஞ்சுக்கும் 0.6 இஞ்ச் வீதம் குறைந்துபோகும். ஒரு இஞ்சை 0.1 கையாக எடுத்து 0.4 இஞ்ச் ஆக்கிவிடுகிறீர்கள் அல்லவா, மிச்சம் 0.6 காணாமல் போகிறது. 15.1இல் 0.6, 15.2இல் 1.2, 15.3இல் 1.8. முழுக் கையாக 15 என்றோ 16 என்றோ இருந்தால் பிழையே தெரியாது. அதனால்தான் இது ஆபத்து, இரண்டு மூன்று முறை சரியாக வந்துவிட்டால் முறையே சரி என்று நம்பிவிடுவோம். 10.16ஆல் நேராகப் பெருக்கிச் சென்டிமீட்டர் எடுக்கலாமே என்று நினைக்காதீர்கள், அங்கேயும் அதே பள்ளம்தான், 154.4 என்று வரும், மூன்று சென்டிமீட்டர் குறைவு. முதலில் இஞ்ச் ஆக்கி, அப்புறம் 2.54ஆல் பெருக்குங்கள்.

திரும்பி வருவதும் அப்படித்தான். இஞ்சிலிருந்து கைக்குப் போக 4ஆல் வகுத்து, ஈவைப் புள்ளிக்கு முன்னாலும் மீதியைப் பின்னாலும் போடுங்கள். 58 இஞ்சை 4ஆல் வகுத்தால் ஈவு 14, மீதி 2, ஆகவே 14.2. கல்குலேட்டர் 14.5 என்று காட்டும், அதை .25 வந்தால் 1, .5 வந்தால் 2, .75 வந்தால் 3 என்று மாற்றிக்கொள்ளுங்கள். இந்த 14.2ஐ நினைவில் வைத்துக்கொண்டால் நல்லது, குதிரை உலகத்தில் அது ஒரு எல்லைக்கோடு, அதற்கு மேல் குதிரை, அந்த அளவும் கீழேயும் போனி என்று இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பொதுவாகப் பிரிப்பார்கள். சர்வதேசக் குதிரையேற்றப் போட்டிகளில் சென்டிமீட்டர்தான் கணக்கு, லாடம் இல்லாமல் 148, லாடத்தோடு 149 என்பது போனியின் உச்சம். 58 இஞ்ச் என்பது 147.32 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட அதே இடம்தான்.

கூட்டல் கழித்தலை ஒருபோதும் கைக் கணக்கில் செய்யாதீர்கள். 16.1 கைக் குதிரை 14.3 கைக் குதிரையை விட எவ்வளவு உயரம் என்றால் கழித்துப் பார்த்து 1.8 என்று வரும், 8 இஞ்சுக்கு ஒரு கையில் இடமே இல்லை. 65 இஞ்சிலிருந்து 59ஐக் கழித்தால் 6 இஞ்ச், அதாவது 1.2 கை. சராசரி எடுப்பதானாலும், முக்கால் அளவு அரை அளவு என்று சிறிதாக்குவதானாலும் இதே வழிதான், எல்லாவற்றையும் இஞ்சுக்கு இறக்கி, வேலையை முடித்து, தேவை என்றால் கடைசியில் மட்டும் கைக்கு ஏற்றுங்கள்.

புள்ளியால் வந்த நட்டத்தை நான் நேரிலேயே கண்டிருக்கிறேன். எங்கள் வீட்டுக்கு முதிரை மரத்தில் கதவு நிலை செய்யக் கொடுத்தபோது உயரத்தை 6.9 என்று எழுதிக் கொடுத்தேன், 6 அடி 9 இஞ்ச் என்ற நினைப்பில். அறுத்தவர் படித்த பிள்ளை, அதை 6.9 அடியாக எடுத்து 12ஆல் பெருக்கி 82.8 இஞ்சுக்கு அறுத்துவிட்டார். எனக்கு வேண்டியது 81. கூடுதலாக இருந்ததால் வெட்டிச் சரிசெய்ய முடிந்தது, அதுவே மற்றப் பக்கமாகப் போயிருந்தால் முதிரைப் பலகை வீண். இன்றைக்கும் ஆட்களின் உயரத்தை 5.11 என்று எழுதும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது, அது ஐந்தடி பதினொரு இஞ்சா, ஐந்தடிக்கு ஒரு இஞ்சும் கொஞ்சமுமா என்று எழுதியவருக்குத்தான் தெரியும். அதன் பிறகு நான் அடியையும் இஞ்சையும் எழுத்தால் எழுதாமல் எந்தத் துண்டையும் கொடுத்ததில்லை.

இனி ஆசாரியாரின் முதல் கேள்வி, கை என்றால் முழமா என்பது. தமிழில் கை என்று சொன்னால் தோளிலிருந்து விரல் நுனி வரை எதுவும் கை, அவர் முழத்தை நினைத்ததில் வியப்பில்லை. ஆனால் குதிரைக்காரர்களின் கை என்பது உள்ளங்கையின் அகலம், பெருவிரலையும் சேர்த்து. நான்கு விரல்களையும் ஒட்டி, பெருவிரலைப் பக்கத்தில் வைத்து மேசையில் ஊன்றி அளந்து பாருங்கள், வளர்ந்த ஆணுக்கு 4 இஞ்சை ஒட்டி வரும். குதிரையின் காலடியிலிருந்து கையை மாற்றி மாற்றி வைத்து ஏறிப் போனால் உயரம் கிடைத்துவிடும், கோலோ நாடாவோ தேவையில்லை, சந்தையில் நிற்கும் மனிதனுக்கு இதைவிடச் சுலபமான அளவுகோல் எது? பழைய எகிப்தில் நான்கு விரல் அகலத்தை ஓர் அளவாகவும், பெருவிரலையும் சேர்த்து ஐந்து விரல் அகலத்தை வேறோர் அளவாகவும் வைத்திருந்தார்கள், அவர்களுடைய அரச முழம் 28 விரல். இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி மன்னர் காலத்தில், 16ஆம் நூற்றாண்டில், போருக்குப் பெரிய குதிரைகள் வேண்டும் என்று குதிரை வளர்ப்புக்குச் சட்டம் போட்டபோது கையை 4 இஞ்சாக நிலைப்படுத்தினார்கள். 1959இல் இங்கிலாந்தும் அமெரிக்காவும் வேறு சில நாடுகளும் சேர்ந்து யார் என்ற மூன்றடி அளவின் நீளத்தைப் பொதுவாக்கியபோது ஒரு இஞ்ச் சரியாக 2.54 சென்டிமீட்டர் என்று ஆனது, அதன்படி ஒரு கை 10.16 சென்டிமீட்டர், ஒரு மயிர் கூடக் குறைய இல்லை.

15 கையை முழமாக எடுத்தால் என்ன ஆகும் தெரியுமா? முழத்துக்கு ஒன்றரை அடி, ஆக 22 அடி 6 இஞ்ச். இரண்டு மாடி வீட்டளவு உயரத்தில் ஒரு குதிரை. ஆசாரியாருக்கு அது நடக்காத காரியம் என்று கண்டவுடன் தெரிந்திருக்கும், அதனால்தான் உங்களைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்.

நம்முடைய உடம்பளவுகளும் இதே குடும்பம்தான், அவற்றை இந்தக் கையோடு பொருத்திப் பார்ப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை. சாண் 9 இஞ்ச், முழம் 18 இஞ்ச், நான்கு முழம் ஒரு பாகம், அது 6 அடி. குதிரைக் கணக்கில் எழுதினால் சாண் 2.1, முழம் 4.2, பாகம் சரியாக 18 கை. நம் கடற்கரையில் தண்ணீர் எத்தனை பாகம் என்றுதான் கடல் தொழில் செய்பவர்கள் கேட்பார்கள், கயிற்றை இழுத்து இரண்டு கையையும் அகல விரித்தால் ஒரு பாகம். பழைய ஆங்கிலக் கடல் வரைபடங்களில் ஆழத்தைக் குறித்த ஃபதமும் இதே ஆறடிதான், விரித்த கைகளிலிருந்து பிறந்த அதே அளவு. எண்சாண் உடம்பு என்கிறோமே, எட்டுச் சாணும் ஒரு பாகமும் ஒன்று, விரித்த கையின் நீளமும் ஆளின் உயரமும் ஏறக்குறைய சமம் என்ற கவனிப்பு அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. எறும்பும் தன் கையால் எண்சாண் என்று அதற்கு மேலும் ஒரு படி போனார்கள், அவரவர் உடம்பை அவரவர் கையால் அளக்கும்போது எல்லோரும் ஒரே உயரம்தான். பத்திரகாளி அம்பாள் கோயிலடியில் பூ வாங்கும்போது ஒருவரின் முழம் நீளமாகவும் இன்னொருவரின் முழம் குட்டையாகவும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பூவுக்கு அது பரவாயில்லை. விற்பனைக்கும் போட்டிக்கும் வந்த குதிரைக்கு அது சரிப்படாது என்பதால்தான் கையின் அகலத்தை 4 இஞ்சில் கட்டிப்போட வேண்டி வந்தது.

இப்போது இரண்டாவது கேள்வி, எந்த அங்குலம். இதைத்தான் நீங்கள் மிகக் கவனமாக எடுக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் நாம் படித்த அங்குலம் ஆங்கில இஞ்ச், அடிக்குப் பன்னிரண்டு. சிற்ப நூல்களில் வரும் அங்குலம் விரல் அகலம், எட்டு யவம் (பார்லி மணியின் அகலம்) ஒரு அங்குலம், பன்னிரண்டு அங்குலம் ஒரு சாண், இருபத்துநான்கு அங்குலம் ஒரு முழம். முழத்தை 18 இஞ்சாக வைத்தால் அந்த அங்குலம் முக்கால் இஞ்ச்தான். பெயர் ஒன்று, நீளம் இரண்டு. இன்னும் ஒன்று இருக்கிறது, விக்கிரகம் வடிக்கும்போது சிலையின் உயரத்தையே பங்கு போட்டு அந்தப் பங்குக்கும் அங்குலம் என்று பெயர் வைப்பார்கள், உத்தம தசதாலம் என்ற சிலை அளவுமுறையில் சிலையின் முழு உயரம் 124 பங்கு. அங்கே அங்குலம் என்பது நீளமே அல்ல, சிலைக்குச் சிலை மாறும் ஒரு விகிதம். இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டுதான் ஆசாரியார் உங்களிடம் கேட்டிருக்கிறார். அவர் பேசாமல் 62 அங்குலத்தை முழக்கோல் கணக்கில் எடுத்திருந்தால் 46.5 இஞ்சில் வாகனம் வந்திருக்கும், நிஜக் குதிரையில் சரியாக முக்கால் பங்கு. சித்தப்பா திருவிழாவுக்கு வந்து பார்க்கும்போது என்ன சொல்வது? ஆகவே துண்டில் அங்குலம் என்று எழுதாமல் இஞ்ச் என்றே எழுதி, பக்கத்தில் 157.5 சென்டிமீட்டர் என்றும் போடுங்கள். சென்டிமீட்டருக்கு இரண்டு அர்த்தம் கிடையாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லவேண்டும், ஏனென்றால் வாகனத்துக்கு இதுதான் முக்கியம். குதிரையின் உயரம் என்று சொல்வது தலை வரை அல்ல. கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில், இரண்டு தோள் எலும்புகளுக்கு நடுவே ஒரு மேடு இருக்கும், தரையிலிருந்து அந்த மேடு வரைதான் உயரம். தலை மேலும் கீழும் ஆடும், புல் மேயும்போது ஒரு உயரம், மிரண்டு நிற்கும்போது வேறு உயரம், அந்த மேடு அசையாது. குதிரையைச் சமதரையில் நான்கு காலும் நேராக ஊன்றி நிறுத்தி அளப்பார்கள். ஆகவே உங்கள் 62 இஞ்ச் என்பது சுவாமி அமரும் முதுகுக்குக் கொஞ்சம் முன்னால் உள்ள உயரம். கழுத்தை நிமிர்த்திச் செய்தால் காது நுனி அதற்கும் மேலே வெகுதூரம் போய்விடும். முன்னங்கால்களைத் தூக்கிப் பாயும் குதிரையாகச் செய்யும் எண்ணம் இருந்தால் அந்த மேடே மேலே ஏறிவிடும், அப்போது 62 இஞ்சைத் தரையிலிருந்து அளக்கக்கூடாது, குதிரை நேராக நிற்பதாக வைத்துக் காலையும் உடம்பையும் அந்த அளவில் வரைந்து, அப்புறம் உடம்பைச் சாய்க்க வேண்டும். இதை ஆசாரியார் உங்களை விட நன்றாக அறிவார், ஆனால் அவருக்கு நீங்கள் கொடுத்த எண் எந்த இடத்தின் உயரம் என்பது துண்டில் இல்லை. படத்தில் அந்த மேட்டில் ஒரு கோடு போட்டுக் கொடுங்கள்.

15.2 கை என்பது நிறைவான குதிரை, மிகப் பெரியது என்று சொல்ல முடியாது. பந்தயக் குதிரைகள் பெரும்பாலும் அந்த உயரத்திலும் அதற்கு மேலும் இருக்கும். வண்டி இழுக்கும் ஷயர் இனத்தில் 17 கையைத் தாண்டுவது சாதாரணம், 1846இல் இங்கிலாந்தில் பிறந்த சாம்சன் என்ற ஷயர் குதிரை 21.2½ கை வளர்ந்ததாகப் பதிவு உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள், 84 இஞ்ச், அதோடு இரண்டரை, 86.5 இஞ்ச், ஏழடிக்கு மேல், அதுவும் தலை சேராமல். மற்றக் கரையில் தம்பலினா என்ற குட்டிக் குதிரை 17.5 இஞ்ச், நம் முழத்துக்கும் அரை இஞ்ச் குறைவு. அதைக் கையில் எழுதினால் 4.1½. நம் நாட்டில் குதிரைகள் காட்டு மந்தையாகத் திரிவதைப் பார்க்க வேண்டுமானால் நெடுந்தீவுக்குப் போகவேண்டும், போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் காலத்தில் வந்தவற்றின் வழி வந்தவை, உருவத்தில் சிறியவை. சித்தப்பா பார்த்த குதிரையின் அளவை அவற்றில் தேடாதீர்கள். நம் ஊர்க் கோட்டைக்குள் கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் நிற்கும் மான்களைத்தான் நாம் தினமும் பார்க்கிறோம், குதிரையை அளந்து பழக நமக்கு வாய்ப்புக் குறைவு, அதனால் இந்தக் கணக்கில் உங்களுக்குச் சறுக்கியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சித்தப்பாவிடம் ஒரு விஷயத்தை மட்டும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அவர் அனுப்பிய 15.2ஐ அவர் குதிரைக்காரரிடம் கேட்டு எழுதினாரா, அல்லது எங்காவது இஞ்ச் அளவைக் கண்டு தானே வகுத்து எழுதினாரா? குதிரைக்காரர் சொன்னது என்றால் 62 இஞ்ச், மறுபேச்சு இல்லை. தானே வகுத்திருந்தால் 61 இஞ்சை 4ஆல் வகுத்த 15.25ஐச் சுருக்கி 15.2 என்று எழுதியிருக்கக்கூடும், அப்போது ஒரு இஞ்ச் குறையும். இஞ்சில் எவ்வளவு என்று நேராகக் கேட்டுவிட்டால் முடிந்தது.

அப்புறம், மரம் வாங்கப் போவதற்கு முன்னால் வாகனசாலையின் கதவையும் வசந்த மண்டபத்து வாசலையும் அளந்து, அடியும் இஞ்சுமாக எழுத்தில் எழுதி, அதே துண்டில் ஆசாரியாரிடம் கொடுங்கள். முதுகு 62 இஞ்சில் நின்றால் தலை எங்கே போகும், பீடமும் தண்டிகையும் சேர்ந்தால் எவ்வளவு ஏறும், சுவாமியும் திருவாசியும் குடையும் வைத்து வெளியே வர இடம் இருக்குமா என்று அவர் அந்த இடத்திலேயே பார்த்துச் சொல்வார். இடம் போதாது என்றால் முக்கால் அளவில், 46.5 இஞ்சில் செய்யலாம், அதை சித்தப்பாவுக்கு 11.2½ கை என்று எழுதி அனுப்புங்கள்.